மூன்று நட்சத்திரங்களும் மாமாவின் லெஃப்ட்டும்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் அப்படியே இருக்க வேண்டும்; சித்தப்பாவின் முழங்கால் மட்டும் போன மாதத்தைவிட நன்றாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஃபோனில் நீங்கள் அம்மாவிடம், "அண்ணனை உன் பொண்ணு என்னதான் பண்ணித் தொலைச்சா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். என் காதில் விழ வேண்டும் என்றே போட்டாள் என்பது என் எண்ணம். ஃபோனில் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், அன்றைக்கு நான் சொல்லாததை எழுதிவிடுகிறேன். நான் சொல்லாமல் விட்டது இரண்டே வாக்கியங்கள். ஒன்று, "மாமா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க." இன்னொன்று, "மாமா, அந்த நட்சத்திரத்தை இங்கயே கழட்டிடுங்க." மொத்தம் பதினொரு வார்த்தை. எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்தப் பதினொரு வார்த்தையை நான் வாய்திறந்து சொல்லியிருந்தால் மாமா இந்நேரம் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார், ரோபோக்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்காது, அம்மாவும் ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவி முடித்ததும் ஒரு பெருமூச்சோடு கவிழ்க்க மாட்டாள். ஆனால் சித்தி, நம் வீட்டில் மாமாவுக்குத் தப்பு எடுத்துச் சொன்னவர் யார்? எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான், அதுவும் உங்கள் பதினெட்டாவது வயதில். அடுத்த வருஷமே உங்களை எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்கிறாள்.

உங்களுக்கு என் பள்ளிக்கூடத்துச் செய்தி முழுதாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் தொடக்கப் பள்ளிக்கு இந்த வருஷம் ஆறு ரோபோக்கள் வந்தன. ரோபோ என்றதும் கையும் காலும் வைத்து யோசிக்காதீர்கள். ஒரு பெரிய சோப்பு டப்பா அளவு, அடியில் இரண்டு சக்கரம், முதுகில் நான்கு பொத்தான்: முன், பின், இடது, வலது. நடுவில் பச்சையாக ஒன்று. வரிசையாகப் பொத்தான்களை அழுத்தி, கடைசியில் பச்சையை அழுத்தினால், சொன்னதைச் சொன்னபடி செய்யும். முன்னே என்றால் ஒரு கட்டம் நகரும். இடது என்றால் நின்ற இடத்திலேயே இடது பக்கம் திரும்பும். தரையில் கலர் டேப்பால் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். கோடிங் என்று பெரிதாகச் சொல்வது, இந்த வயதில், இவ்வளவுதான்: எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று முழுசாக யோசித்து, ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்வது. குழந்தைகள் அதை டப்பா என்று கூப்பிடுகிறார்கள். இதை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீதான் எப்பப் பாரு படிச்சிக்கிட்டே இருக்கியே" என்றார். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு நாவல். அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்குப் பழைய வியாதி.

இதில் முக்கியமானது, அந்த ரோபோக்கள் வந்ததே மாமாவால்தான். நிர்வாகக் குழுத் தலைவர் என்ற முறையில் மூன்று கூட்டத்தில் பேசி, நான்காவது கூட்டத்தில் மேஜையைத் தட்டி, வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் சும்மா கிடந்த சாமான் அறையைக் காலிசெய்து வெள்ளையடிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அது அவர் போட்ட விதி. அவருடைய டிரைவிங் ஸ்கூலில் அத்தைகூட அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அங்கே அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இங்கே தெருவில் போகிற வண்டிகளில் பாதி மாமா சொல்லிக்கொடுத்த லெஃப்ட்டில்தான் திரும்புகின்றன. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் வகுப்பு எப்படி இருந்தது என்றால், இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "டப்பா சரியில்ல டீச்சர்." சுவரில் போய் முட்டினால் டப்பா சரியில்லை. பெஞ்சுக்கு அடியில் போனால் டப்பா சரியில்லை. வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், உயரத்தைப் பார்த்து எல்லோரும் சுண்டு என்பார்கள். முன்பல் இரண்டும் இப்போது விடுமுறையில் இருக்கின்றன. அவள் டப்பாவைச் சுவரில் முட்டவிட்டு, பயந்துபோய், அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு "காணோம் டீச்சர்" என்றாள். பை அரை மணி நேரம் கொர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது கோடிங் இல்லை, தப்புக்குப் பயப்படாமல் இருப்பது. எங்கேயோ படித்ததையும் சொந்த புத்தியையும் கலந்து மூன்று விதி போட்டேன். யாராவது பிழையைப் பார்த்தால் கையைத் தூக்கி "பிழை" என்று மட்டும் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. இரண்டாவது, உடனே மொத்த வகுப்பும் எழுந்து, பிழை செய்தவருக்காகக் கைதட்ட வேண்டும். அவர் சட்டையில் ஒரு தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஏனென்றால் அவரால்தான் நமக்குப் புதிதாக ஒன்று தெரியவந்தது. மூன்றாவது, கண்டுபிடித்தவர் பிழை செய்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அது சரியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒரு மாதத்தில் வகுப்பே மாறிப்போயிற்று. நட்சத்திரத்துக்காக வேண்டுமென்றே தப்புச் செய்தவர்களைக்கூடப் பிடித்துத் திருத்தினேன். சுண்டுதான் இப்போது வகுப்பிலேயே பெரிய பிழைக்காரி. வேறு யாருடைய பிழையையும் விட்டுவைக்காதவளும் அவளே.

இனி போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ரோபோ அறைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட மாமா. கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக் கொடுக்காமல் ரோபோவே கொண்டுவந்து கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தலைமையாசிரியை ஆசைப்பட்டார். டப்பாவின் முதுகில் பொத்தான் மறையாமல் ஒரு சின்ன மூடியை ரப்பர் பேண்டால் கட்டி, அதில் கத்தரிக்கோலை வைத்தோம். ஏற்பாடு என்னவென்றால், கட்டம் போட்ட விரிப்பின் ஒரு முனையில் டப்பா, எதிர் முனையில் மாமா மைக்கோடு. மாமா சொல்லச் சொல்லச் சுண்டு பொத்தானை அழுத்துவாள். மாமாவுக்கு இடது கைப் பக்கம் ரிப்பன் கட்டிய கதவு. வலது கைப் பக்கம் பிஸ்கட்டும் பழரசமும் வைத்த மேஜை, தரைவரை துணி விரித்தது. டப்பா மூன்று கட்டம் முன்னே வந்து, கதவுப் பக்கம் திரும்பி, இரண்டு கட்டம் போக வேண்டும். ஒத்திகையில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்தார்கள். மாமாவுக்கு ஒத்திகை வேண்டுமா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

மாமா மைக்கில், மூணு முன்னாடி, லெஃப்ட், ரெண்டு முன்னாடி என்றார். சுண்டு அப்படியே அழுத்தினாள். டப்பா மூன்று கட்டம் கம்பீரமாக வந்தது. தன்னுடைய இடது பக்கம் திரும்பியது. எதிரும் புதிருமாக நிற்கும்போது அதன் இடது மாமாவுக்கு வலது இல்லையா? கத்தரிக்கோலோடு நேராக மேஜைக்கு அடியில் போய், துணிக்குள் மறைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் இதில் முதல் மாதமே நூறு தடவை விழுந்து எழுந்தவர்கள். டப்பாவுக்கு எதிரே நின்று யோசிக்கக் கூடாது, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று அது பார்க்கிற பக்கமே பார்த்து யோசிக்க வேண்டும் என்பது இங்கே அரிச்சுவடி. மாமாவுக்கு அது எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருஷமும் வண்டிக்குள்ளே உட்கார்ந்து லெஃப்ட் சொன்னவர். வண்டியின் லெஃப்ட்டும் அவருடைய லெஃப்ட்டும் பிரிந்ததே கிடையாது. பேனட்டுக்கு முன்னால் நின்று வண்டியை ஓட்டச் சொல்லும் தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நான் அங்கேதான், மூன்றடி தள்ளி நின்றேன். முதல் வாக்கியத்தை அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் சுண்டு கையைத் தூக்கி, "பிழை" என்றாள். இருபத்தெட்டுப் பேரும் எழுந்து கைதட்டினார்கள். பிள்ளைகள் தட்டுகிறார்களே என்று பெற்றோரும் தட்டினார்கள். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, நாலா பக்கமும் வணங்கினார். சுண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் டப்பாவை எடுத்துவந்து ஆரம்பக் கட்டத்தில் வைத்தாள். மைக் சரியில்லை போல என்று மாமா நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை இன்னும் உரக்க, லெஃப்ட் என்றார். டப்பா மறுபடி மேஜைக்கு அடியில். மறுபடி பிழை, மறுபடி கைதட்டல், மறுபடி வணக்கம். மூன்றாவது தடவை, புதிதாக வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சொல்வதுபோல நிதானமாக, எழுத்தெழுத்தாக, லெஃ...ப்...ட் என்றார். சித்தி, மூன்று முறையும் ஒரே மேஜை, ஒரே கால், ஒரே மூலை. அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் தலைமையாசிரியையே குனிந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்க, ரிப்பன் வெட்டப்பட்டது. சுண்டு மாமாவிடம் போனாள். மாமா குனிந்து, சட்டைப் பையைக் காட்டினார். மூன்று நட்சத்திரங்களை வரிசையாக ஒட்டினாள். மாமா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மாமா அந்த நட்சத்திரங்களோடு ஃபோட்டோ எடுத்து அன்று மாலையே குடும்பக் குழுவில் போட்டதை நீங்களும் பார்த்தீர்கள். "இருபத்தெட்டுக் குழந்தைகளும் எழுந்து நின்று கைதட்டி அளித்த பரிசு" என்று கீழே எழுதியிருந்தார். "பெருமையாக இருக்கிறது அண்ணா" என்று முதல் பதில் போட்டதும் நீங்கள்தான். ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். சனிக்கிழமையும் அதே சட்டை. ஞாயிற்றுக்கிழமை அத்தை துவைக்கக் கேட்டும் தரவில்லையாம். திங்கட்கிழமை காலை வண்டி கற்க வந்த ஒருவர், எங்கள் வகுப்பில் படிக்கும் இரட்டையரின் அப்பா, கியர் போட்டுக்கொண்டே மாமாவின் சட்டைப் பையைப் பார்த்து, எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் நிறைய இருக்கு சார், தப்புப் பண்ணினா ஒண்ணு ஒண்ணா குடுப்பாங்களாம் என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். மாமா, வண்டியை ஓரமா நிறுத்துங்க என்றாராம். அவர் நிறுத்தினார். மாமா இறங்கி, அங்கேயே நின்று, மூன்று நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தாராம். பிறகு நடந்தே வந்துவிட்டார். வண்டியையும் அந்த மனிதரையும் அங்கேயே மறந்துவிட்டார். அந்த மனிதருக்கு லைசென்ஸ் கிடையாது என்பதால் அவர் மத்தியானம்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்குத் தலைமையாசிரியைக்கு மாமாவிடமிருந்து ஃபோன் வந்தது: வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும்வரை ரோபோக்கள் அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது, சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்கு அத்தையிடமிருந்து ஃபோன். அதன்பிறகு அம்மா எத்தனை தடவை அழைத்தும் மாமா எடுக்கவில்லை. அம்மா என்னோடு பேசாமல் இருந்திருந்தால் தேவலை. பேசுகிறாள். "ஊரையே ஓட்ட வெச்ச மனுஷன்டி. அவருக்குப் போய் லெஃப்ட் ரைட் தெரியாதுன்னு கைதட்டினா எப்படி இருக்கும்?" என்று நான் பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, கண்ணாடி துடைக்கும்போது சொல்கிறாள். பிழைக்குக் கைதட்டுவது மரியாதைம்மா என்று விளக்கிப் பார்த்தேன். அப்போ நீ கிண்டின உப்புமாவுக்கும் நான் தட்டியிருக்கணும் என்றாள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஆறியிருக்கும். நான் போட்ட மூன்றாவது விதியை நானே மறந்துவிட்டேன், சுண்டு மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவள் நேராக மாமாவின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். அவள் வீடு அதே தெருவில்தான். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, மாமா கரும்பலகையில் நாற்சந்தி வரைந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். இவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு ஏறி உட்கார்ந்து, "சார், உங்க பிழை இன்னும் முடியல. நான் முடியிறவரைக்கும் உட்காரணும்" என்று சொல்லியிருக்கிறாள். மாமா ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பினார். புதன்கிழமையும் போனாள். அன்றைக்கு பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளவில்லை, ஏனென்றால் தான் வேலையாக வந்திருப்பதாகச் சொன்னாள். மாமா ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும், எந்த லெஃப்ட் சார், உங்க லெஃப்ட்டா வண்டி லெஃப்ட்டா என்று கேட்கிறார்களாம். கேலிக்குக் கேட்கிறார்களா, சந்தேகத்தில் கேட்கிறார்களா என்று மாமாவுக்கே தெரியவில்லை என்று அத்தை சொன்னார். நான் சுண்டுவைக் கூப்பிட்டு, இனி அங்கே போக வேண்டாம் என்றேன். "அப்ப அவருக்கு யாரு சொல்லித் தருவாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

நேற்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். விழா பற்றிக் குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும் அல்லவா, அதில் ஒரே ஒரு வரி: "இயந்திரக் கோளாறு காரணமாக ரோபோ தவறான திசையில் சென்றது." மாமா சொன்னது சரி, டப்பாதான் தப்பு என்று ஆகிவிடும். மாமாவின் மானம் திரும்பி வந்துவிடும், உன் அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்வார்கள் என்றார். அப்போ ரோபோக்கள் என்று கேட்டேன். கோளாறு என்று எழுதினால் ஆறையும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், அந்த அறையில் மறுபடி உடைந்த பெஞ்சுகளைப் போட்டுக்கொள்ளலாம், புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் நீ கையெழுத்துப் பயிற்சி நடத்து, உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். யோசிக்க ஒருநாள் கேட்டேன். அந்த ஒருநாளில் வகுப்பில் சுண்டு என்னிடம் வந்து, "டீச்சர், டப்பாவுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையா? ஆபீஸ் ரூம்ல சொன்னாங்க" என்று கேட்டாள். அவள் முதல் வாரம் சொன்ன அதே வாக்கியத்தை, நான் பாடுபட்டு அவள் வாயிலிருந்து பிடுங்கிய அதே வாக்கியத்தை, நல்ல தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொடுக்கப் போகிறவள் நான். போய் உட்காரு என்றேன். வேறென்ன சொல்வது?

சித்தி, நான் படித்த புத்தகங்களில் இந்த மாதிரி இடத்தில் வருகிற ஆட்கள் எல்லோரும் உண்மையின் பக்கம் நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். அவர்கள் யாருக்கும் அடுத்த அறையில் பாத்திரம் கவிழ்க்கிற அம்மா இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது பள்ளி முடிந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை பத்து மணிக்குக் குழு கூடுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் மாமாவுக்கு நீங்கள் ஒரு ஃபோன் போட வேண்டும். நம் வீட்டில் அவர் மறுபேச்சில்லாமல் கேட்பது கடைக்குட்டித் தங்கை பேச்சை மட்டும்தான். அந்த இயந்திரமே ஓட்டை இயந்திரம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லுங்கள். இந்த மாதிரிச் சாமான் எல்லாம் திரும்பச் சொன்னால் திரும்பாது என்று சித்தப்பா சொன்னதாகச் சொல்லுங்கள். (சித்தப்பாவையும் தயார்செய்து வையுங்கள்.) குழந்தைகள் விவரம் தெரியாமல் கைதட்டிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அக்கா மகள் அழுதுகொண்டே இருக்கிறாள் என்று வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதி உண்மை. அம்மாவின் ஃபோனை அவர் எடுத்தால் போதும். ரோபோ போனால் போகட்டும். மாமா என்ற உறவு ஒன்றுதான் இருக்கிறது, டப்பா ஆறு இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இந்தக் கணக்கு எந்த வகுப்பில் சரியாக வரும் என்று தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் மகளின் பரீட்சை நன்றாக நடக்க வேண்டிக்கொள்கிறேன். விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. உங்கள் வீட்டில் எல்லா நாளும் எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொண்டிருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை வாங்க மறந்து கடிதம் பையிலேயே தங்கிவிட்டது. இன்று அடுத்த வியாழக்கிழமை. நடந்ததை எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியை அறிக்கையைப் படித்தார். இயந்திரக் கோளாறு என்ற இடம் வந்ததும் மாமா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். தானே ஒருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"வண்டி அன்னைக்கு மொத்தம் எத்தனை தடவை ஓடிச்சு?"

"மூணு தடவை சார்."

"மூணு தடவையும் ஒரே எடத்துலதானே போய் நின்னுச்சு. அதுல கோளாறு எங்க இருக்கு?"

தலைமையாசிரியை, பேட்டரி என்று ஏதோ ஆரம்பித்தார். மாமா அவர் பக்கம் திரும்பவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் கம்பத்தில் இடித்தவன், சாக்கடையில் விட்டவன், காய்கறி வண்டிமேல் ஏற்றியவன் எல்லோரும் இறங்கியதும் சொல்கிற முதல் வார்த்தை, வண்டி இழுத்துடுச்சு சார் என்பதுதான் என்றார். அதைச் சொன்னவனை அடுத்த நாள் மறுபடி முதல் பாடத்திலிருந்து உட்கார வைப்பாராம். "வண்டி மேல பழி போட்டவன் ஒருத்தனுக்கும் நான் லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததில்ல. என் பேரைக் காப்பாத்த நீயே அதை எழுதித் தர்றியா?" என்றார். தாளை மேஜைமேல் வைத்து, "வண்டி மேல தப்பு இல்லன்னா, யார் மேல?" என்று கேட்டார்.

குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க மேலதான் மாமா. எதிர்ல நின்னு சொன்னீங்க. பின்னாடி நின்னு சொல்லணும்."

சார் என்று சொல்ல மறந்துவிட்டேன். மாமா பேனாவை எடுத்து, இயந்திரக் கோளாறு என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே தன் பெயரை எழுதி, தேதி போட்டார். அடுத்த விஷயம் என்னவென்று கேட்டார். அது கழிப்பறைக் குழாய் பற்றியது. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேற்று புதன்கிழமை, மூன்றாம் பாடவேளையில் ஆறு டப்பாக்களோடும் வகுப்பு நடந்தது.